லெவோஃப்ளாக்சசின் 750: மாத்திரையும் அதைக் கொடுத்த கடையும்

லெவோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்கின் 750 மி.கி. மாத்திரை நல்ல மாத்திரை, ஆனால் அது தேவைப்படுகிறவருக்கு மட்டுமே நல்ல மாத்திரை. எங்கள் அப்பத்தாவுக்கு நிமோனியா வந்தபோது இந்த மருந்துதான் அவரை எழுந்து உட்கார வைத்தது. அதே மருந்து செட்டிநாட்டு ஊர்களில் சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் சீட்டில்லாமல் கைமாறுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே மாத்திரையைப் பற்றியும், காரைக்குடியில் அதை எங்களுக்குக் கொடுத்த மருந்துக் கடையின் நடைமுறையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த மருந்தைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்து மதிப்பிட முடியாது.

இது ஃப்ளூரோகுயினலோன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் 1993-லும் அமெரிக்காவில் 1996-லும் புழக்கத்துக்கு வந்தது. பாக்டீரியா தன் மரபுப் பொருளைப் பிரதியெடுக்கத் தேவையான நொதிகளை முடக்கி, அந்தக் கிருமியைக் கொல்கிறது. நிமோனியா, சிறுநீரகத் தொற்று, புராஸ்டேட் சுரப்பித் தொற்று போன்ற கடுமையான நோய்களுக்கு இது பயன்படுகிறது. வாய்வழி உட்கொண்டால் ஏறக்குறைய முழு அளவும் இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்பது இதன் பெரிய சிறப்பு. அதனால்தான் மருத்துவமனையில் ஊசி வழியாகத் தொடங்கிய மருந்தை, மூச்சுத் திணறல் குறைந்தவுடன் மாத்திரையாக மாற்றி அப்பத்தாவை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. எண்பதை நெருங்கும் ஒருவருக்குத் தன் வீட்டு வளவில், தன் கட்டிலில் படுத்துக்கொண்டு குணமாவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அருகில் இருந்தவர்கள் அறிவார்கள்.

மருத்துவர் இந்த மருந்தை எடுத்த எடுப்பில் எழுதிவிடவில்லை. பென்சிலின் வகை மருந்தால் அப்பத்தாவுக்கு முன்பு உடல் முழுவதும் தடிப்பு வந்திருந்ததால், வழக்கமாக முதலில் கொடுக்கும், அதே வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினைத் தவிர்க்க வேண்டியிருந்தது. மருந்து தொடங்குவதற்கு முன்பே காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கச் சொன்னார். இதன் அவசியம் பலருக்குத் தெரிவதில்லை. லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியது என்பதால், காசநோய் இருப்பவருக்கு இதை மட்டும் கொடுத்தால் சில நாட்களுக்கு இருமல் குறைந்து, நோய் மறைந்துவிட்டதைப் போலத் தோன்றி, சரியான நோயறிதல் தள்ளிப்போகும். அதற்குள் கிருமி இந்த மருந்துக்குப் பழகியும் விடலாம். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான சிகிச்சையில் லெவோஃப்ளாக்சசின் முக்கியமான மருந்து என்பதை நினைத்தால், இருமலுக்கு இதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய இழப்புக்கு வழி என்பது விளங்கும்.

சிறுநீரகங்களின் இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்த்தார்கள். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகங்கள் நன்றாக இயங்குபவருக்கு 750 மி.கி. தினமும் ஒரு வேளை. இயக்கம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால், அதே மாத்திரை 48 மணி நேரத்துக்கு ஒன்று. அப்பத்தாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுதான் எழுதப்பட்டது. ஆன்டிபயாடிக்கை இடைவெளி விட்டுச் சாப்பிடலாமா என்று சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா பதற்றத்துடன் கேட்டார். அவருடைய அச்சம் நியாயமானதே; ஆனால் இங்கே அந்த இடைவெளிதான் சரியான அளவு. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை அதே நோய் என்று நினைத்து இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இனி கடையைப் பற்றி. லெவோஃப்ளாக்சசின், 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் அரசுப் பட்டியலான எச் 1 அட்டவணையில் இடம்பெற்ற மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. சீட்டின்படி விற்கும்போது, மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நாங்கள் சென்ற கடையில் இது சடங்காக நடக்கவில்லை. மருந்தாளுநர் சீட்டை முழுவதும் படித்தார், தேதியைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார். பிறகு, “ஆச்சி சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? வேற ஏதாவது மாத்திரை தினமும் போடுறாங்களா?” என்று கேட்டார். கூட்டம் இருந்த நேரம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. அந்தப் பொறுமைக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியால்தான் இரண்டு ஆபத்துகள் விலகின. முதலாவது, அப்பத்தா சாப்பாட்டுக்குப் பின் நெஞ்செரிச்சலுக்காகக் குடிக்கும் வெள்ளை நிற அமிலநீக்கித் திரவமும், துத்தநாகம் கலந்த சத்து மாத்திரையும். அலுமினியம், மக்னீசியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவை லெவோஃப்ளாக்சசினோடு வயிற்றிலேயே பிணைந்துகொண்டு அதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போதான் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்க வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல் போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் பல கடைகளில் ஆன்டிபயாடிக்கையும் சத்து மாத்திரையையும் ஒரே காகித உறையில் போட்டு, ‘காலை’ என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். அப்படிச் சாப்பிட்டால், காசு கொடுத்து வாங்கிய மருந்தின் கணிசமான பகுதி வீணாகும். குறைந்த அளவு மருந்தைச் சந்திக்கும் கிருமியோ பிழைத்துக்கொள்ளும். இந்தக் கடையில் இரண்டையும் தனித்தனி உறைகளில் போட்டு, நேரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, சர்க்கரை மாத்திரை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, லெவோஃப்ளாக்சசின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடலாம். கோமா என்னும் ஆழ்மயக்கம் வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கையை வலுப்படுத்தியது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத நோயாளிக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றைக் காய்ச்சலின் அசதி என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. உடனே விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். மருந்தாளுநர் எங்கள் முன்னிலையிலேயே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்; மருத்துவர் சர்க்கரை மாத்திரையின் அளவைத் தற்காலிகமாக மாற்றினார். பெரிய வீட்டில் முதியவர் ஒருவரும் உதவிக்கு ஒருவரும் மட்டும் இருந்து, பிள்ளைகள் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில், இந்த ஒரு தொலைபேசி அழைப்பின் மதிப்பு மிகப் பெரியது.

மருந்தின் குறைகளை மறைக்கக் கூடாது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் வீக்கமும் கிழிவும் இந்தக் குடும்ப மருந்துகளின் அறியப்பட்ட தீங்கு. அமெரிக்காவில் 2008 முதல் இதற்கு உச்சபட்ச எச்சரிக்கைக் கட்டம் இடப்படுகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். குதிகாலுக்கு மேலே உள்ள நாணில்தான் பெரும்பாலும் வலி தொடங்கும். மருந்தை முடித்துச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். வலி தெரிந்தால் எண்ணெய் தேய்த்து நீவாமல், நடையைக் குறைத்து, மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் உடனே பேச வேண்டும். உயரமான படிகளும் திண்ணைகளும் கொண்ட நம் வீடுகளில் முதியவர்களுக்கு இது சிறிய எச்சரிக்கை அல்ல. கை கால்களில் எரிச்சலும் மரத்துப்போதலும், மனக்குழப்பம், இதயத் துடிப்பில் மாறுபாடு ஆகியவையும் ஏற்படலாம். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், மூட்டுவலிக்குத் தினமும் வலிநிவாரணி போடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முன்பு ஓஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே குடும்பம். தோல் வெயிலில் எளிதில் எரியும் என்பதால், நம் ஊர் உச்சிவெயிலில் இறங்கக் கூடாது.

இத்தனை தீங்குகளைச் சீர்தூக்கிப் பார்த்துத்தான், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சைனஸ் தொற்றுக்கும் மூச்சுக்குழல் அழற்சிக்கும் எளிய சிறுநீர்த் தொற்றுக்கும் இந்தக் குடும்ப மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று 2016-இல் அமெரிக்க அமைப்பு அறிவித்தது. வைரஸால் வரும் சளிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

பத்தியம் பற்றி எல்லோரும் கேட்டார்கள். இதற்குத் தனிப் பத்தியம் கிடையாது. உணவுக்கு முன்போ பின்போ சாப்பிடலாம். நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்.

மாத்திரை அட்டையைப் பற்றி எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு. அட்டையின் பின்புறம் சிவப்பு நிற எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எங்கள் கையில் வந்த அட்டையில் தமிழில் ஒரு சொல்கூட இல்லை, விவரத் தாளும் இல்லை. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அப்பத்தாவுக்கு அந்தச் சிவப்புக் கட்டம் வெறும் கோலம். அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதியும் போய்விடுகிறது. இந்தக் கடையில் தேதி உள்ள பகுதியைச் சேர்த்தே வெட்டினார்கள். மற்ற இடங்களில் நாமே கேட்டு வாங்க வேண்டும்.

அப்பத்தா மருத்துவர் சொன்ன அளவை முழுவதும் முடித்தார், மறுபரிசோதனையில் நுரையீரல் தெளிந்திருந்தது. இடையில் வயிற்றுப்போக்கு வருகிறதா என்று கவனித்தோம். இத்தகைய மருந்துக்குப் பின் இரண்டு மாதம் வரைகூடக் குடலைத் தாக்கும் கடும் வயிற்றுப்போக்கு வரக்கூடும், அதை நிறுத்தும் மாத்திரையை நாமாகவே போடக் கூடாது. பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் தன் இருமலுக்கு இதே மாத்திரையைக் கேட்டு அதே கடைக்குப் போயிருக்கிறார். கொடுக்க மறுத்து, சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் கோபத்துடன் வந்து என்னிடம் முறையிட்டார். மறுநாள் அவரை நானே பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். மருந்து வாங்க இனியும் அந்தக் கடைக்குத்தான் போவேன்.