பெட்ரோலா, கரண்டா? ஓடும்போதே அணையும் பழைய மாருதி 800

சிக்னலில் நிற்கும்போது படக்கென்று அணைந்துவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டர் வைத்த என் மாருதி 800 ஒரு கோடை முழுக்க இப்படித்தான் படுத்தியது. போன இடமெல்லாம் "கார்பரேட்டர் அடைப்பு சார்" என்றார்கள். மூன்று தடவை கழற்றிக் கழுவியாயிற்று. கடைசியில் பார்த்தால் கோளாறு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த, மின்னைத் தேக்கிவைக்கும் சின்னஞ்சிறு கண்டென்சரில்.

இந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி தரும் பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை.

அணையும் விதமே பாதி சொல்லிவிடும். பெட்ரோல் குறைந்தால் வண்டி திணறும். இழுவை போய், குலுங்கிக் குலுங்கி நிற்கும். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை தாக்குப்பிடிப்பதால்தான் அந்தத் தள்ளாட்டம். கரண்ட் போனால் விளக்கை அணைத்ததுபோல ஒரே நொடியில் நிற்கும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம். ஸ்லோ ஜெட்டில் (வண்டி நிற்கையில் இன்ஜின் மெதுவாக ஓடப் பெட்ரோல் தரும் சிறு துளை) தூசி அடைத்திருந்தால் ரோட்டில் நன்றாக ஓடும் வண்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தமில்லாமல் அணையும்.

நம்மை ஏமாற்றுவது சூடுதான். பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், கண்டென்சர் இவை பழுதாகிவந்தால் சூட்டில் கைவிட்டு, ஆறியதும் வேலை செய்யும். இன்ஜினோடு ஒட்டி நிற்கும் பம்பிலும் ஹோஸிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஆற வைத்தால் இரண்டும் சரியாகிவிடும், தடயமும் போய்விடும். ஆகவே அணைந்த கையோடு, அந்தக் கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

முதலில் கரண்ட். ஒரு பிளக் வயரைக் கழற்றி, கையிருப்பில் உள்ள பிளக்கில் செருகி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் மேல் நன்றாகப் படும்படி வையுங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இருக்கக் கூடாது. வயரைக் கையால் பிடிக்கவும் கூடாது. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். பளிச்சென்று நீலப் பொறி தெறித்தால் இந்தப் பக்கம் அநேகமாகச் சரி. மஞ்சளாக மினுங்கினாலோ எதுவும் வராவிட்டாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். என் வண்டியில், உள்ளே திறந்து மூடிக் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்டின் இரு முனைகளும் கருகி, ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமும் விழுந்திருந்தன. கண்டென்சர் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பாயிண்ட் புதிதாகப் போட்டால் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பொறி நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். சாவியை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் இழுங்கள். மெல்லிய நூலாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வராவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காசு செலவில்லாத வேலை. பிறகு பெட்ரோல் ஃபில்டர், பம்ப் டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு), ரப்பர் ஹோஸ். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால் ஹோஸை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டும் சரியாக இருந்து, காலை எடுத்தால் மட்டும் இன்ஜின் மெதுவாக ஓடாமல் அணைந்தால் வேக்குவம் ஹோஸ் கழன்றோ கீறியோ காற்றை இழுக்கிறதா, ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் கரண்டில்தான் தொடங்க வேண்டும். பொறி பார்க்க ஐந்து நிமிடம் போதும், எதையும் குலைக்க வேண்டாம். கார்பரேட்டரை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கிழியும், ஸ்க்ரூ தேயும். இல்லாத கோளாறும் புதிதாக வந்து சேரும். என் வண்டிக்கு அதுதான் நடந்தது. கண்டென்சர் மாற்றிய பிறகும், பழைய கேஸ்கட் வழியாகக் கசிந்த பெட்ரோலை நிறுத்த நாலாவது தடவை கழற்ற வேண்டியதாயிற்று.