ஒட்டாகோ பயிற்சித் திட்டம்: முதியவர்களின் கால் வலுவுக்கும் சமநிலைக்கும்

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990களில் வகுத்த இந்தத் திட்டம், முதியவர்கள் கீழே விழுவதைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. கால் வலுவுக்கு 5 பயிற்சிகளும் சமநிலைக்கு 12 பயிற்சிகளுமாக மொத்தம் 17 உள்ளன. இவற்றுள் ஒருவரின் உடல்நிலைக்குப் பொருந்துபவற்றை வாரத்தில் 3 நாள், ஏறத்தாழ அரை மணி நேரம் செய்ய வேண்டும். அதனுடன் வாரம் 2 நாளாவது நடக்க வேண்டும். அரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டிய கட்டாயமில்லை. காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று பிரித்துக்கொள்ளலாம். என் தாயாருக்காகத் தேர்ந்தெடுத்து, அவருடன் நானும் செய்துவரும் திட்டம் என்பதால் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இதன் பெரும் சிறப்பு, பயிற்சி படிப்படியாகக் கடினமாக்கப்படுவதுதான். கணுக்காலில் எடைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டுவது, நின்றபடி முழங்காலைப் பின்புறம் மடக்குவது, காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது ஆகியவற்றில், தசை களைப்படையும் முன் 8 முதல் 10 முறை செய்யக்கூடிய எடையே தொடக்க எடையாகும். 10 முறை வீதம் இரண்டு சுற்றுகள் எளிதாக முடிந்தால் எடையைக் கூட்ட வேண்டும். காலை உயர்த்த 2 அல்லது 3 விநாடியும் இறக்க 4 அல்லது 5 விநாடியும் எடுத்துக்கொள்ளச் சொல்வது சிறு விவரமாகத் தோன்றலாம். ஆனால் அவசரமாகக் காலைக் கீழே போட்டுவிட்டால் தசைக்குக் கிடைக்கவேண்டிய வேலையில் பாதி போய்விடுகிறது. சமநிலைப் பயிற்சிகளும் இவ்வாறே அமைந்துள்ளன. ஒற்றைக் காலில் நிற்பதை முதலில் பிடிமானத்துடன் 10 விநாடி, பிறகு பிடிமானமின்றி 10 விநாடி, அதன் பின் 30 விநாடி என்று வளர்த்துக்கொண்டு போகிறார்கள். வயதானவர்களால் இவ்வளவுதான் முடியும் என்று முன்கூட்டியே எல்லை வகுத்துவிடாத இந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். கையை மெதுவாக அசைக்கச் சொல்வதோடு நின்றுவிடும் 'முதியோர் பயிற்சிகள்' பலவற்றில் நான் காணாதது இதுவே.

பலனுக்கும் சான்று இருக்கிறது. 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேரை உள்ளடக்கிய நான்கு ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கிணைத்து 2002இல் வெளியான ஆய்வின்படி, விழுதலும் விழுவதால் ஏற்படும் காயங்களும் 35 விழுக்காடு குறைந்தன. காயங்கள் குறைந்ததில் 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் முன்பே ஒருமுறை விழுந்தவர்களுமே அதிகப் பயன் பெற்றனர். உடல் தளர்ந்துவிட்டது, இனி என்ன பயிற்சி என்று குடும்பத்தினர் கைவிடும் நிலையிலிருப்பவர்களுக்கே இது கூடுதலாக உதவுகிறது என்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

குறைகளும் உண்டு. தோள், கை, முதுகு ஆகியவற்றின் வலுவுக்கு இதில் பயிற்சியே இல்லை. தொடக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் சில அசைவுகளோடு மேலுடல் முடிந்துவிடுகிறது. கனமான பொருளைத் தூக்கச் சிரமப்படுபவர்கள் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் அதே அசைவுகளைச் செய்வது சலிப்பூட்டும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. துணைக்கு ஒருவர் சேர்ந்து செய்தால் அது வெகுவாகக் குறைகிறது.

இவற்றைவிடக் கவனிக்கவேண்டியது, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரோ செவிலியரோ முதல் இரு மாதங்களில் நான்கு முறை வீட்டுக்கு வந்து எடையையும் நிலைகளையும் மாற்றியமைப்பதும், இடையே தொலைபேசியில் விசாரிப்பதும் இத்திட்டத்தின் பகுதிகள் என்பதுதான். மேலே சொன்ன பலன் அந்தக் கண்காணிப்போடு சேர்ந்து கிடைத்த பலன். படங்கள் அச்சிட்ட தாளை மட்டும் வாங்கி வந்து சுவரில் ஒட்டுபவர்கள் அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. குறைந்தபட்சம் தொடங்கும்போதும், எடையைக் கூட்டும்போதும் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

பிடிமானத்துக்கு நகரும் நாற்காலியைப் பயன்படுத்தவே கூடாது. அசையாத சமையல் மேடை போன்ற ஒன்றின் அருகில் நிற்க வேண்டும். முதல் சில நாள்களில் தசைகள் இலேசாக வலிப்பது இயல்பு. ஆனால் நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.