கூரையில் நாலு ஸ்பீக்கர், உள்ளே இரண்டே சேனல்: ஹோம் தியேட்டர் போடுகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் ஹோம் தியேட்டர் அறை போடப் போகிறவர்கள், ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் ஷோரூம் வைத்து, வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பொருத்தித் தரும் ஒரு கடை எங்களை எப்படி ஏமாற்றியது என்பதை விவரமாக எழுதுகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, எந்தெந்த இடத்தில் கை வைக்கிறார்கள் என்பது தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து ஆசையாக ஒதுக்கிய தொகை அது. மாடியில் ஒரு அறை, 120 இன்ச் திரை, 4கே புரொஜெக்டர், 5.1.4 டால்பி அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் அமைப்பு. மொத்தம் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. 5.1.4 என்றால் காது மட்டத்தில் ஐந்து ஸ்பீக்கர், கனத்த அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், கூரையில் நாலு. சப்வூஃபருக்குப் பெரும்பாலும் அதற்குள்ளேயே ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப்ளிஃபையர்) இருக்கும். மீதி ஒன்பது ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒன்பது சேனல் ஆம்ப் வேண்டும். கொட்டேஷனில் ரிசீவருக்கு (இந்த ஆம்ப் எல்லாம் அடங்கிய பெட்டி) நேராகக் கம்பெனி பெயரும் "அட்மாஸ் ஏவி ரிசீவர்" என்பதும் மட்டும்தான் இருந்தன. மாடல் நம்பர் இல்லை. கேட்டதற்கு, "லேட்டஸ்ட் மாடல் எது வருதோ அதைப் போட்டுத் தர்றோமுங்க" என்றார்கள்.

ஷோரூமில் காட்டிய டெமோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறை முழுக்கப் பாட்டு நிறைந்தது, எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பாடின. பெரும்பாலான ரிசீவர்களில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' மாதிரி ஒரு மோடு உண்டு. சாதாரண இரண்டு சேனல் பாட்டையே எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பிவிடும். கேட்க பிரமாதமாக இருக்கும், ஆனால் அது சரவுண்டும் இல்லை, அட்மாஸும் இல்லை. டெமோ பார்க்கும்போது ரிசீவரின் முன்பக்க டிஸ்ப்ளேவைப் பாருங்கள். அட்மாஸ் ஓடினால் அங்கே அட்மாஸ் என்று எழுத்து வரும்.

அடுத்தது வயரிங். என்னை இன்றைக்கும் கோபப்பட வைப்பது இதுதான். சுவரில் காடி வெட்டி, ஸ்பீக்கர் வயரையும் புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளையும் அப்படியே பதித்து, மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். பிவிசி பைப் போடவே இல்லை. எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் அப்போதே தடுத்தார்: "பைப் போட்ருங்க தம்பி, நாளைக்கு ஒயர் மாத்தணும்னா என்ன பண்ணுவீங்க?" கடைப் பையன் சொன்ன பதில்: "இது கரன்ட் ஒயர் இல்லீங்கண்ணா, சவுண்டு ஒயருதான். பைப் எல்லாம் தேவையில்லீங்க." அதோடு ஜிப்சம் போர்டு அடித்து, பெயின்ட்டும் அடித்து முடித்தாயிற்று.

முதலில் படம் போக ஆரம்பித்தது. 4கே, எச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் கூடுதல் விவரத்தோடு தெரியும்) படம் ஓடும்போது திரை சில விநாடி கறுத்துப்போய்த் திரும்ப வரும். இன்டர்நெட் சரியில்லை என்றார்கள், அப்புறம் ஸ்ட்ரீமிங் பாக்ஸ் சரியில்லை என்றார்கள். கடைசியில் ஆள் வந்து பாக்ஸின் அவுட்புட்டை 4கே-யைவிடத் தெளிவு குறைந்த 1080பி-க்குக் குறைத்துவிட்டு, "இப்ப நின்னுடுச்சு பாருங்க" என்று போய்விட்டார். உண்மைக் காரணம் சுவருக்குள் இருந்தது. 4கே படம் விநாடிக்கு 60 ஃபிரேமில் எச்டிஆரோடு போக வேண்டுமென்றால், கேபிள் எச்டிஎம்ஐ 2.0-இன் முழு வேகமான 18 ஜிகாபிட்டைத் தாங்க வேண்டும். எங்கள் அறையில் கேபிள் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண செம்புக் கேபிளை நம்ப முடியாது, ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ போட வேண்டும். பைப் இருந்திருந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்திருக்கலாம். இல்லாததால் பூசிய சுவரை மறுபடி கொத்த வேண்டியதாயிற்று.

அதற்குள் ரிசீவரும் தொல்லை கொடுத்தது. கொஞ்சம் சத்தமாக வைத்தால் நடுப்படத்தில் தானாக அணைந்துவிடும், முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கும். கடைக்காரர்கள் வோல்டேஜ் மேல் பழி போட்டு, ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார்கள். நாங்கள் ரிசீவர் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நேரடியாகப் பதிவு செய்து ஆளை வரவழைத்தோம். அவர் ரிசீவரைத் திருப்பிப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அது 7.2 சேனல் ரிசீவர். ஏழு ஸ்பீக்கருக்குத்தான் அதில் ஆம்ப் இருக்கிறது. கூரையில் இருக்கும் நாலில் இரண்டிரண்டு வயரை முறுக்கி ஒரே டெர்மினலில் சொருகியிருந்தார்கள். அதாவது 5.1.4 என்று காசு வாங்கிக்கொண்டு 5.1.2 போட்டு, மேலே இரண்டு ஸ்பீக்கரைக் கணக்குக்கு ஒட்டியிருக்கிறார்கள்.

சத்தம் வருகிறதே, என்ன குறை என்று தோன்றலாம். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து முன்னால் பறக்கும் காட்சியில் முன் கூரைக்கும் பின் கூரைக்கும் ஒரே சத்தம் போனால், அது நகர்வது காதுக்குத் தெரியாது. அட்மாஸுக்குக் காசு கொடுப்பதே அந்த நகர்வுக்காகத்தான். இன்னொன்று, 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் இரண்டை இப்படிப் பேரலலாக இணைத்தால் ஆம்ப் பார்ப்பது 4 ஓம். எங்கள் ரிசீவரின் பின்பக்கம் 6 முதல் 16 ஓம் வரை என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. 4 ஓமில் கரன்ட் அதிகம் இழுத்து, சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அணைந்திருக்கிறது. "இப்படியே ஓட்டி ஆம்ப் போச்சுன்னா வாரன்டி கிடைக்காதுங்க சார்" என்று அவர் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

சர்வீஸ்காரரே ஒரு வயர் முனையை பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சு. கொட்டேஷனில் ஆக்சிஜன் நீக்கிய சுத்தமான செம்பு என்று எழுதியிருந்தது. அலுமினியத்துக்கு மின்தடை செம்பைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல், வளைத்தால் சீக்கிரம் ஒடியவும் செய்யும். நீங்கள் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெள்ளையாகவும் உள்ளே செம்பாகவும் இருக்கும், அது நல்ல வயர்தான்.

புரொஜெக்டரிலும் இதே கைவேலை. பெட்டியில் பெரிதாக 4கே, கீழே பொடி எழுத்தில் நேட்டிவ் ரெசல்யூஷன் (கருவி தானே காட்டக்கூடிய பிக்ஸல் அளவு) 1920 × 1080. 4கே சிக்னலை வாங்கிக்கொண்டு 1080பி-யாகக் குறைத்துக் காட்டும் கருவி அது. மெனுவில் 3840 × 2160 என்று காட்டுவது உள்ளே வருகிற சிக்னலைத்தான், திரையில் விழுவதை அல்ல. பிக்ஸல்களை மிக வேகமாக இடம் மாற்றிக் காட்டும் பிக்ஸல் ஷிஃப்ட் முறையில் 4கே தரும் டிஎல்பி புரொஜெக்டர்கள் வேறு ரகம், அவற்றை இதோடு சேர்க்காதீர்கள். வித்தியாசம் தெரிய, ஒரு பிக்ஸல் விட்டு ஒரு பிக்ஸல் கோடு போட்ட 4கே டெஸ்ட் படத்தைப் பென்டிரைவில் ஓட்டச் சொல்லுங்கள். நேட்டிவ் 1080பி கருவியில் கோடுகள் கலந்து சாம்பல் திட்டாகிவிடும்.

கடையில் போய்க் கேட்டபோது மேனேஜர் சொன்னது: "நாலு ஸ்பீக்கர்லயும் சத்தம் வருதில்லீங்க? அப்புறம் என்ன பிரச்னை?" அவர் நீட்டிய பில்லில் ஒரே வரிதான்: ஹோம் தியேட்டர் சிஸ்டம், ஒரு செட். எங்களைக் காப்பாற்றியது வாட்ஸ்அப் கொட்டேஷன்தான். அதில் 5.1.4, 4கே, சுத்தச் செம்பு எல்லாம் எழுத்தில் இருந்தன. அதையும் சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டையும் வைத்து முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அதில் பலன் இல்லை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ரிசீவரை மட்டும் ஒன்பது சேனலாக மாற்றித் தந்தார்கள். புரொஜெக்டருக்கும் வயரிங்குக்கும்தான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். பிரச்னை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். கட்டணத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு ஆனது 200 ரூபாய்.

இப்போது எலக்ட்ரீஷியன் அண்ணனே வந்து சுவரைக் கொத்தி, எச்டிஎம்ஐ தலை நுழையும் அகலத்தில் பைப் பதித்து, உள்ளே ஒரு இழுப்புக் கம்பியும் விட்டிருக்கிறார். ஃபைபர் கேபிளுக்குத் திசை உண்டு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று கேபிளிலேயே குறித்திருக்கும். மாற்றிப் போட்டால் படம் வராது.

ஏற்கெனவே கூரை ஸ்பீக்கர் போட்டு முடித்தவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டப் மெனுவில் டெஸ்ட் டோன் இருக்கும். போட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைச்சல் வரும். கூரைக்கு வரும்போது ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பீக்கர் இரைந்தால், ரிசீவரை அணைத்துவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். ஒரு டெர்மினலில் இரண்டு வயர் இருந்தால், எதையும் பிரிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.