பங்குனியில் பறவை பார்க்க: ஏற்காடா, மூக்கனேரியா?

மார்ச் பிறந்தால் சேலத்தில் பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்குள் இந்த வழக்கு தொடங்கிவிடும். வடதேசங்களில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கோ வழியனுப்பும் காலம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன.

ஏற்காட்டுக் கட்சிக்குப் பலம் அதிகம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குளிர், காப்பித் தோட்டம், நடக்க நிழலான பாதை. சில்வர் ஓக் உச்சியில் பச்சைக் கதிர்க்குருவி கத்திக்கொண்டே இருக்கும். 10 கிராம்கூடத் தேறாத உடம்பு, போக வேண்டியதோ இமயமலைக்கு, சிலது அதற்கும் அப்பால். குரல்தான் கேட்கும், ஆளைத் தேடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஓடையோரத்துச் சாம்பல் வாலாட்டி அப்படிப் படுத்தாது. பனிக்காலமெல்லாம் வெள்ளையாக இருந்த ஆணின் தொண்டையில், கிளம்பும் முன் இரண்டு நாள் தாடி போலக் கறுப்பு முளைத்திருக்கும். அதைப் பார்க்க மலையேறலாம், தப்பில்லை. தோட்டங்கள் தனியாருடையவை, காவலாளி அண்ணனிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியில் குளிரும் இல்லை, நிழலும் குறைவு. நடைப்பயிற்சிக்காரர்களின் செல்போன் பாட்டு வேறு. ஆனாலும் என் ஓட்டு ஏரிக்குத்தான். காரணம் மீசை ஆலா என்கிற நீர்ப்பறவை. ஜனவரியில் வயிறு வெளுத்து, தலையில் அரைகுறைக் கறுப்போடு தண்ணீர்மேல் தாழப் பறக்கும். மார்ச் கடைசியில் பார்த்தால் முழுக் கறுப்புத் தொப்பி, கரிபிடித்த வயிறு, சிவந்த அலகு. முதல் வருஷம் நான் இதை இரண்டு பறவைகளாக நோட்டில் எழுதி வைத்திருந்தேன்! ஒருநாள் போய் வந்தால் இந்த மாற்றம் பிடிபடாது. வாராவாரம் அதே கரையில் நிற்க வேண்டும். மலைக்கு அப்படிப் போக பெட்ரோலும் கட்டாது, வீட்டிலும் விடமாட்டார்கள். ஏரி என்றால் பால் வாங்கப் போகிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

குரும்பப்பட்டிப் பக்கத்துப் புதர்க்காட்டையும் சிலர் சொல்வார்கள். ஆறுமணிக்குருவியின் குரலை அங்கே ஒருமுறை கேட்டேன், சரி. அதை நம்பி அலாரம் வைக்க மாட்டேன்.

ஆக, மலைக்கு ஒரே ஒரு ஞாயிறு, வாலாட்டியின் தாடிக்காக. மற்ற ஞாயிறெல்லாம் ஏரிக்கரை. போன வாரம் திட்டோரத்தில் ஏழு நீலச்சிறகி வாத்துகள் மிதந்தன, இந்த வாரம் இரண்டு.