கோல்ஃப் கார்ட் பேட்டரி: மல்டிமீட்டரா, ஹைட்ரோமீட்டரா, லோடு டெஸ்டா?

கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற கார்ட்டும், ரயில் நிலையத்தில் வயதானவர்களை ஏற்றிப் போகிற பேட்டரி காரும் ஏறத்தாழ ஒரே ரக வண்டிதான். சீட்டுக்குக் கீழே பெரும்பாலும் ஆறு 8 வோல்ட் பேட்டரியோ எட்டு 6 வோல்ட் பேட்டரியோ கோத்து 48 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். வண்டி பாதி வழியில் திணற ஆரம்பித்தால் "செட்டையே மாத்திடுங்க" என்பார்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு வண்டியில் அப்படியே மாற்றினோம். அப்புறம் பழைய ஆறையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால், கெட்டிருந்தது ஒன்றே ஒன்று. செட் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

முதலில் எல்லோரும் எடுப்பது மல்டிமீட்டர். விலை குறைவு, ஆசிட்டைத் தொட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. முழு சார்ஜ் ஏற்றி, குறைந்தது ஆறு மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பார்த்தால் 8 வோல்ட் பேட்டரி 8.49 அளவிலும், 6 வோல்ட் 6.37 அளவிலும் காட்ட வேண்டும். 8.07 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றியதும் அளந்தால் எண் கூடுதலாகத் தெரியும், அதை நம்பக் கூடாது.

ஆனால் மீட்டர் சொல்வது சார்ஜ் எவ்வளவு என்பதை மட்டும். பாதி வண்டல் சேர்ந்த தொட்டியிலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்கும் இல்லையா, அதே கதைதான். பிளேட்டில் சல்ஃபேட் இறுகிப் போன பேட்டரியும் ஓய்வில் நல்ல வோல்ட்டேஜ் காட்டும், ஏற்றத்தில் ஏறும்போது படுத்துவிடும்.

ஹைட்ரோமீட்டர் வேறு ரகம். பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறைகளான செல் ஒவ்வொன்றின் ஆசிட்டையும் உறிஞ்சி அடர்த்தி பார்க்கிறது. மெக்கானிக்குகள் 'கிராவிட்டி பார்க்கிறது' என்று சொல்வது இதைத்தான். 48 வோல்ட் செட்டில் 24 செல், அதாவது 24 எண். அலுப்பான வேலை, ஆனால் குற்றவாளி எந்த செல் என்று இதைப்போல வேறெதுவும் காட்டிக் கொடுக்காது. பேட்டரி நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும் என்றாலும் முழு சார்ஜில் 1.277 அளவும், பாதியில் 1.172 அளவும் வரும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால், ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்லும் சமமாக ஏற, வேண்டுமென்றே கூடுதலாகப் போடும் சார்ஜ்) போட்டுப் பாருங்கள். அதற்கும் ஏறவில்லையென்றால் அந்த செல் போய்விட்டது.

இதில் இரண்டு இடத்தில் தவறுவார்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு அளந்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அளக்கிறோம். சார்ஜ் போட்டுக் கலந்த பிறகே பார்க்க வேண்டும். இன்னொன்று வெயில். இந்த எண்கள் 27 டிகிரிக்கானவை. ஆசிட்டின் சூடு ஒவ்வொரு ஐந்தரை டிகிரி கூடும்போதும் 0.004 சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாதம் 38 டிகிரியில் அளந்தால் 0.008 சேரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம். மூடியே இல்லாத சீல்டு பேட்டரிக்கு இந்த வழி கிடையாது.

கடைசித் தீர்ப்பு லோடு டெஸ்ட்தான், அதாவது பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்ப்பது. கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் பத்து விநாடி டெஸ்டரைச் சொல்லவில்லை. அது ஸ்டார்ட் செய்யும் திறனைப் பார்ப்பது, மணிக்கணக்கில் ஓடும் பேட்டரிக்கு அது போதாது. சரியான டிஸ்சார்ஜ் மெஷின், 48 வோல்ட் செட்டை 75 ஆம்பியரில் 42 வோல்ட் வரை இறக்கி, எத்தனை நிமிடம் தாங்கியது என்று கணக்கெடுக்கும். உதாரணமாக, டிரோஜன் நிறுவனத்தின் டி-105 என்ற 6 வோல்ட் பேட்டரிக்கு 115 நிமிடம் என்று கொடுத்திருக்கிறார்கள். 60 நிமிடத்தில் படுத்தால் பாதி பலம் போயிற்று என்று பொருள், பேச்சே வேண்டாம். நிறைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மெஷின் கட்டுப்படியாகும். ஒரு வண்டிக்காரருக்கு ஆகாது.

அவருக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மல்டிமீட்டரில் நீள ஒயரும் கிளிப்பும் மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஒரே ஏற்றத்தை ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒருமுறை ஏறுங்கள். ஏறும்போது மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் சரிகிற பேட்டரியைச் சந்தேகிக்கலாம். நிறுத்தி வைத்து அளப்பதைவிட இதையே நான் பெரிதும் நம்புகிறேன்.

லித்தியம் போட்டவர்களுக்கு ஹைட்ரோமீட்டர் பயன்படாது, வோல்ட்டேஜும் கடைசி வரை பெரிதாக இறங்காது. பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் உள் சர்க்யூட்) காட்டும் செல் கணக்கும் டிஸ்சார்ஜ் டெஸ்டும்தான் வழி.

ஆசிட் பேட்டரிக்கு ஒன்றே ஒன்று வாங்கச் சொன்னால் ஹைட்ரோமீட்டரைத்தான் சொல்வேன். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த சோதனையில் மாட்டிய பேட்டரியிலேயே கிராவிட்டியும் குறைந்திருந்தால், செட் புதிது என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்து வருடம் ஓடிய செட்டில் அப்படிச் செய்யாதீர்கள், பழையவை புதியதையும் சீக்கிரமே தங்கள் நிலைக்கு இழுத்துவிடும்.