ஒட்டுப் பூச்சுக்கு 40 கிலோ ரெடிமிக்ஸ் மூட்டை: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சுவரில் 2 அடிக்கு 2 அடி பூச்சு விட்டுப்போயிருக்கிறது. அதற்காகக் கொத்தனாரைக் கூப்பிட்டால் இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி. அவர் கேட்பதில் தப்பில்லை, அன்று வேறு வேலைக்குப் போக முடியாதே. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், தண்ணீர் மட்டும் ஊற்றிக் குழைக்கிற பூச்சு மூட்டை இந்த மாதிரிச் சில்லறை வேலைக்குத்தான் சரி. முழு வீட்டுக்கும் பூசுவதற்கு வாங்கினால் செலவு கையைக் கடிக்கும்.

மூட்டையின் உண்மையான லாபம் மணலில் இருக்கிறது. சிமெண்ட் கிலோக் கணக்கில் சில்லறையாகக் கிடைத்துவிடும். ஆனால் இந்த ஒட்டுக்கு வேண்டிய 9 கிலோ பி-சாண்ட் (பூச்சுக்கென்று கல்லை அரைத்து எடுக்கும் சன்ன மணல்) யாரும் கொண்டுவந்து கொட்ட மாட்டார்கள். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு சட்டி கேட்டு வாங்கினால் பெரும்பாலும் அது கான்கிரீட்டுக்கு வந்த எம்-சாண்டாக இருக்கும். 4.75 மி.மீ. வரை உள்ள கல் அதில் கிடக்கும். மணியாஸ் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சீராக்கும் மரக்கட்டை) போடும்போது ஒவ்வொரு கல்லும் ஒரு கோடு இழுக்கும். பூச்சுக்கு 2.36 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். கிரஷர் தூள் கலந்த மணல் என்றால் இன்னும் மோசம், அதிகத் தண்ணீர் குடித்து, காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். மூட்டைக் கலவையில் மணல் சலித்து அளவு பார்த்து வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்தில் மூன்று வகை மூட்டை அடுக்கியிருப்பார்கள்: சிமெண்ட் பூச்சு, ஜிப்சம் பூச்சு, பிளாக் ஒட்டும் கலவை. ‘பிளாஸ்டர்’ என்று மட்டும் கேட்டால் ஜிப்சம் கைக்கு வரலாம். ஜிப்சம் காய்ந்த உள்சுவருக்கு அருமையானது. குளியலறைச் சுவரிலும் வெளிச்சுவரிலும் ஈரம் பட்டால் மாவாகிவிடும். பிளாக் ஒட்டும் கலவையோ 3 மி.மீ. இணைப்புக்கானது, 15 மி.மீ. கனத்துக்கு ஆகாது. தயாரித்த தேதியையும் பார்த்துவிடுங்கள். மூட்டை ஓரத்தை அமுக்கினால் கட்டி தட்டுப்பட்டால் வேண்டாம்.

2 அடிக்கு 2 அடி, 15 மி.மீ. கனத்துக்குக் குழைத்த கலவை ஐந்தரை லிட்டர் போதும். சிந்துவதையும் சேர்த்து 12 கிலோ தூள், 2 லிட்டர் தண்ணீர். மூட்டையில் அச்சிட்ட தண்ணீர் அளவு இதோடு மாறினால் அதையே பின்பற்றுங்கள். இங்கே பலர் சறுக்குவது ஒன்று: வாயைப் பிரித்து மேலாக 12 கிலோ அள்ளுவது. லாரியில் குலுங்கி வந்ததில் நைசும் மணலும் பிரிந்திருக்கும். மொத்தத்தையும் தார்ப்பாயில் கொட்டி உலர்வாகவே இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு அள்ளுங்கள். பூச்சு இரண்டு நாளில் இரண்டு அடுக்காகப் போவதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் குழையுங்கள். பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு தூள். குழைத்து 5 நிமிடம் விட்டு மறுபடி குழைக்கவேண்டும். சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இறுகினதில் தண்ணீர் தெளித்து இளக்கினால் அது சுவரில் நிற்காது.

எந்த மூட்டை வாங்கினாலும் பாதி வேலை கொத்துவதில்தான் இருக்கிறது. விழுந்த இடத்தைச் சுற்றிக் காசால் தட்டிப் பாருங்கள். ‘டொப் டொப்’ என்று பொள்ளலாகக் கேட்கும் இடம் வரைக்கும் சாக்பீஸால் சதுரமாகக் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததைவிட அது நிச்சயம் பெரிதாக இருக்கும். உள்ளே வயர் குழாய் போகிறதா என்று பார்த்துவிட்டு, கட்டிங் மெஷினால் ஓரத்தை வெட்டிக்கொண்டு உளியால் செங்கல் தெரியும்வரை எடுங்கள். ஓரம் சரிவாக மெலிந்து முடிந்தால் அந்த மெல்லிய விளிம்புதான் முதலில் பெயரும். செங்கல் இடைச்சந்தில் 10 மி.மீ. சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தூசி தட்டி, முதல் நாள் சாயங்காலமே நனைத்துவிடுங்கள். சூளைச் செங்கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய்ந்த கல்லில் பூசினால் கலவையின் தண்ணீரை இழுத்து அதைப் பொடியாக்கிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் சுவரில் கதை தலைகீழ். கல் எதையுமே உறிஞ்சாது, பிடிப்பும் இருக்காது. அங்கே பாண்டிங் லிக்விட் (பிடிப்புக்காகச் சேர்க்கும் திரவம்) கலந்த சிமெண்ட் பால் கட்டாயம், அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை அடிக்கவேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே நடுவில் ஒரு தோலாகிப் பூச்சைப் பிரித்துவிடும்.

10 மி.மீ. கனத்துக்கு முதல் அடுக்கைக் கரணையால் வீசி அடித்து, ஆணியால் கீறிவிட்டு, மறுநாள் மீதியைப் பூசுங்கள். இரு பக்கமும் பழைய பூச்சின் மேல் மட்டப்பலகை உட்காரும்படி வைத்து, கீழிருந்து மேலாக அறுக்கிற மாதிரி இழுத்தால் மட்டம் தானாக வரும். கட்டைவிரல் வைத்தால் தடம் மட்டும் பதிந்து கலவை ஒட்டாத பதத்தில் மணியாஸ் கட்டை. ஈரத்தை உறிஞ்ச வெறும் சிமெண்ட் தூவும் பழக்கம் வேண்டவே வேண்டாம், மேல்தோல் வலைவலையாக வெடிக்கும். ‘க்யூரிங் தேவையில்லை’ என்று மூட்டையில் போட்டிருந்தாலும் ஒட்டுக்கு 7 நாள் ஈரச் சாக்கு தொங்கவிடுவதில் நட்டமில்லை. குழைக்கவும் நனைக்கவும் உப்புப் போர்த் தண்ணீரைவிட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீர் மேல். பட்டி, பெயிண்ட் எல்லாம் நாலு வாரம் கழித்து.

மூட்டையால் தீராத இடங்களும் உண்டு. தரையிலிருந்து 2, 3 அடிக்குள் உப்பு பூத்து விழுகிற சுவரில் ஈரம் உள்ளிருந்து ஏறுகிறது. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஒட்டு அடுத்த மழைக்கே விழும். சன்ஷேடின் அடியில் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது பூச்சு வேலையே இல்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு இந்தக் கலவை ரொம்பக் கெட்டி, ஓரத்தில் விட்டுக்கொண்டே போகும்.

மிச்சம் 28 கிலோவைப் பிரித்த மூட்டையிலேயே வைத்தால் மழைக்காலத்தில் கல்லாகிவிடும். மூடி இறுகிய பெயிண்ட் டப்பாவில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, மூட்டையில் உள்ள காலாவதித் தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். அல்லது மாடிப்படி மூலை, ஜன்னல் ஓரம், மீட்டர் பெட்டியைச் சுற்றி என்று பொள்ளலாயிருப்பதையெல்லாம் ஒரே வாரத்தில் கொத்தி வைத்துக்கொண்டு மூட்டையைப் பிரியுங்கள்.