பெட்டியா, கடையா, அடுப்படியா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் ருசி வேண்டுமென்றால் மூன்று வழிகள்: கிளம்பும்போதே பெட்டியில் அடைத்துக்கொள்வது, போன இடத்தில் நம்மவர் கடையைத் தேடுவது, கிடைத்ததை வைத்து நாமே செய்துகொள்வது. கூரியரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அனுப்பும் கூலி பல சமயம் பொருளின் விலையைத் தாண்டிவிடும்.

பெட்டியில்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். அதில் 5 கிலோவை அரிசிக்கோ மாவுக்கோ கொடுப்பது வீண். எடை குறைந்து மணம் மிகுந்த மசாலாச் சாமான்களுக்கே அந்த இடம் தகும். அதையும் முழுசாகவே கொண்டுபோங்கள்; அரைத்துவிட்டால் வாசனை எண்ணெய் வேகமாகக் காற்றில் போய்விடும்.

ஊறுகாய்? நான் பட்டது போதும். மூடியை இறுக்கித்தான் வைத்தேன், இறங்கிப் பார்த்தால் நான்கு சட்டை எண்ணெயில் ஊறியிருந்தது. விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் குறையும். பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மூடியின் மேல் குற்றமில்லை.

சுங்கம் வேறு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள், சில விலக்குகள் தவிர, இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கையில் உள்ள உணவைச் சொல்லாமல் மறைத்தால் அங்கேயே அபராதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்கே தடை. சமையல் சாமான்தானே என்று பையில் போட்டுக்கொண்டு போனால் வம்பு.

கடைக்கு வருவோம். நம்மவர் கடையில் பருப்பு, பொடி, பாக்கெட் சாமான் எல்லாம் சரி. தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். காய்கறிக்கு நான் அங்கே போவதில்லை. கூட்டம் குறைந்த கடையில் ஒரு வாரமாக வாடிக் கிடக்கும் ‘ஃபிரஷ்’ காயைவிட, பறித்தவுடன் உறையவைத்த பாக்கெட் எவ்வளவோ மேல்.

அதைவிட நல்லது, வேறு நாட்டுக்காரர் கடை. மரவள்ளிக்கிழங்கு ஒரு கடையில் கசாவா, இன்னொன்றில் யூக்கா, மற்றொன்றில் மேனியாக். மூன்றும் ஒரே கிழங்குதான். பெயரைக் கேட்டால் இல்லை என்பார்கள். படத்தைக் காட்டினால் மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். அவர்களும் அதைத் தினம் சமைப்பதால் சரக்கு தேங்காது. என் ஓட்டு இதற்குத்தான்.

அடுப்படியில் பாதிப் பிரச்சனை தண்ணீரில். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் பயறும் பருப்பும் எவ்வளவு கொதித்தாலும் விறைத்தே நிற்கும். ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் வழிக்கு வரும். கை தாராளமானால் சோப்பு வாடை அடிக்கும், அது வேறு கதை.

மாவு புளிக்காததற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம். வீட்டுக்குள் 18 டிகிரி இருந்தால் புளிக்க இரட்டிப்பு நேரம்கூட ஆகலாம். ஓவனைச் சூடேற்றாமல், உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் இதமான வெப்பம் கிடைக்கும். அப்புறம், கதவில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது தெரியாமல் ஒருவர் ஓவனை 200 டிகிரிக்குத் திருப்பிவிட்டார்.